நைனாவின் மூன்று நோட்டுகள்

என் நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் காலமாகி முப்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு, தண்டையார்பேட்டை வீட்டுப் பரணிலிருந்து அவருடைய தகரப் பெட்டியை இறக்கினோம். மேலே எல்.ஐ.சி. பத்திரங்கள், ரேஷன் கார்டு நகல். அடியில் மூன்று நீள நோட்டுகள். அட்டையில் என் பெயர், அதன் கீழே ‘டென்னிஸ்’ என்று அவருடைய சாய்ந்த கையெழுத்து.

2002 ஜூனிலிருந்து 2010 நவம்பர் வரை நான் ஆடப்போன ஒவ்வொரு ஊருக்கும் அதில் ஒரு பத்தி இருந்தது. ரயில், ரூம் வாடகை, சாப்பாடு, கட் (ராக்கெட்டில் பின்னும் நரம்பு), நுழைவுக் கட்டணம் எல்லாம் இடது பக்கம். வலது பக்கம் வரவு. ஒரு பத்தியை அப்படியே தருகிறேன்: “டெல்லி. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஸ்லீப்பர், போக வர. ரூம் 6 நாள், மூணு பேர் பங்கு. கட் 4. குவாலிஃபையிங் ரெண்டாவது ரவுண்டு. வரவு இல்லை.” அந்த மூன்று நோட்டிலும் வலது பக்கத்தில் அதிகமாக எழுதப்பட்ட சொல் ‘இல்லை’தான்.

எட்டு வருடம் நான் தொழில்முறை டென்னிஸ் ஆடினேன். ஒற்றையரில் நான் தொட்ட உயர்ந்த ரேங்க் தொள்ளாயிரத்துச் சொச்சம். இப்போது பெரம்பூரில் ராக்கெட்டுக்குக் கட் போடும் கடை வைத்திருக்கிறேன், காலையும் மாலையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மாதத்துக்கு இரண்டு பெற்றோராவது கடைக்கு வந்து, “சார், இவன பெரிய பிளேயரா ஆக்கணும். எவ்ளோ ஆகும்னு ஒளிக்காம சொல்லுங்க” என்று கேட்கிறார்கள். நான் நோட்டுகளைப் பிரித்து அவர்கள் முன்னால் வைத்துவிடுகிறேன். கடைக்கு வர முடியாதவர்களுக்காக அதையே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் கேரம் போர்டு இல்லாத தெரு கிடையாது. வியாசர்பாடியில் ஃபுட்பால், ராயபுரம் காசிமேடு பக்கம் பாக்ஸிங். டென்னிஸ் கோர்ட் என்றால், நான் வளர்ந்த காலத்தில் எனக்குத் தெரிந்தவை எல்லாம் ஏதாவது கம்பெனி மதிலுக்குள்ளோ ஆபீசர் கிளப்புக்குள்ளோ இருந்தவைதான். அந்தக் கேட்டைத் தாண்ட எனக்கு வழி என் மாமா, அம்மாவின் தம்பி. பெரம்பூர் பக்கம் ஒரு கிளப்பில் மார்க்கராக இருந்தார்.

மார்க்கர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. இருட்டோடு வந்து மண் கோர்ட்டுக்குத் தண்ணீர் அடித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, நெட் கட்டி, ஆறு மணிக்கு வரும் மெம்பர்களோடு ஆடிக்கொடுப்பவர். இரட்டையருக்கு ஆள் குறைந்தால் நாலாவது ஆள். யாருக்கு எப்படிப் பந்து போட்டால் அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார் என்று தெரிந்தவர். எட்டு வயதில் நான் அங்கே பந்து பொறுக்கப் போனேன். மெம்பர்கள் கிளம்பிய பிறகு மாமா எனக்குக் கால் மணி நேரம் தருவார். கைப்பிடியை அறுத்துச் சின்னதாக்கிய பழைய மர ராக்கெட், வெறுங்கால்.

மாமாவுக்கு ராமநாதன் கிருஷ்ணன்தான் தெய்வம். 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி. முதல் வருடம் நீல் ஃப்ரேசரிடம் தோற்றார், அடுத்த வருடம் ராட் லேவரிடம். இரண்டு தடவையும் அவரை ஜெயித்தவர்தான் கோப்பையையும் ஜெயித்தார். “அந்தாளு சர்வீஸ் பூ மாதிரி வரும் மாப்ள. ஆனா பந்து எங்க போவணும்னு நெனச்சாரோ அங்க போவும்” என்பார். என்னிடம் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: “பந்த அடிக்காத, அனுப்பு.” பதினாலு வயது வரை அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் எனக்கு உடம்பில் எங்கேயும் வலி வந்ததில்லை.

1998-இல் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் பால் பாய் வேலை கிடைத்தது. பெரம்பூரில் 29சி ஏறி ஸ்டெர்லிங் ரோட்டில் இறங்கி நடப்பேன். அந்த வருடம் சென்னை ஓப்பனை ஜெயித்தவர் பாட்ரிக் ராஃப்டர். முந்தைய வருடம் அமெரிக்க ஓப்பன் வாங்கியவர். சர்வீஸ் போடும்போது பந்தை உயரே விட்டது சரியாக வரவில்லை என்றால் அடிக்க மாட்டார். கையில் பிடித்துக்கொண்டு, எதிரே நிற்பவரிடம் ‘ஸாரி’ சொல்லிவிட்டு மறுபடி போடுவார். அதைவிட என்னை மயக்கியது அவருடைய கிக் சர்வீஸ். தரையில் பட்டதும் எதிராளியின் தோளுக்கு மேலே எகிறும். அதை நான் கற்றுக்கொண்டே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மாமா வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. யாரும் இல்லாத மத்தியானத்தில் ஒரு கூடைப் பந்தை வைத்துக்கொண்டு, தலைக்குப் பின்னால் பந்தை விட்டு, முதுகை வில்லாக வளைத்து, ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு சர்வீஸ். அந்த சர்வீஸால்தான் மாநில அளவில் ஜெயித்தேன். அதே சர்வீஸால்தான் 2003-இல் படுத்தேன்.

முதல் நோட்டில் இதற்கான சாட்சி இருக்கிறது. 2003 மார்ச்சிலிருந்து ஜூலை வரை பதினோரு இடத்தில் நைனா ஓரத்தில் சின்னதாக எழுதியிருக்கிறார். “குனியறப்ப முகம் மாறுது.” “ஷூ லேஸ் உக்காந்து கட்றான்.” “கேட்டேன், ஒண்ணுமில்லன்றான்.” நான் அவரிடம் மறைத்தேன் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

ஜூலையில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை, தசைப் பிடிப்பு என்று களிம்பு தந்து அனுப்பினார்கள். இன்னும் ஆறு வாரம் ஆடினேன். காலை ஊன்றிப் படி ஏற முடியாத நிலை வந்த பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்ததில், இடுப்பு முதுகெலும்பின் ஐந்தாவது எலும்பில் அழுத்த முறிவு என்று தெரிந்தது. ஆரம்ப நிலையில் இந்த வகை முறிவு எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழக்கமாம். ஏழு மாதம் போயிற்று. போன ஏழு மாதத்தைவிட, திரும்பி வந்த பிறகு என் சர்வீஸில் இருந்த பயம்தான் எனக்கு அதிக நஷ்டம்.

ஆகவே பெற்றோர்களே, இதை மட்டுமாவது ஞாபகம் வையுங்கள். வளரும் பிள்ளைக்கு முதுகைப் பின்னால் வளைக்கும்போது வலி, அது இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால், தைலம் தேய்த்து ஆட விடாதீர்கள். ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையச் சொல்லுங்கள். கீழ் முதுகில் ஒரு புள்ளியில் குத்துகிறது என்றால் விளையாட்டு மருத்துவம் படித்தவரிடம் போங்கள், எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நாளைக்கு அறுபது சர்வீஸ், வாரத்தில் நாலு நாள், அதற்கு மேல் கூடையைத் தொட விடுவதில்லை. பதினாலு வயதுக்கு முன் கிக் சர்வீஸ் கிடையவே கிடையாது. இதனால் இரண்டு பெற்றோர் பிள்ளையை வேறு கோச்சிடம் கூட்டிப்போனார்கள். போகட்டும்.

ராஃப்டருக்கே 1999-இல் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. நம் ஊர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்கால் அழுத்த முறிவுகளால் சில வருடங்களையே இழந்தவர். பிறகு திரும்பி வந்து, 29 வயதில்தான் முதல்முறையாக ஒரு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஆடினார். அது 2019 ஆஸ்திரேலிய ஓப்பன். அந்த ஏப்ரலில் 75-ஆம் இடம். காத்திருந்தால் எலும்பு சேரும் என்று என் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு அவர் கதை இருக்கிறது. பத்தொன்பது வயதில் எனக்கு அப்படிச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

இனிப் பணக் கணக்கு. இதைத்தான் மக்கள் கேட்கிறார்கள், இதைத்தான் யாரும் விவரமாகச் சொல்வதில்லை.

நான் ஆடிய காலத்தில் தொழில்முறையின் அடிப்படி, மொத்தப் பரிசு 10,000 டாலர் உள்ள ஃப்யூச்சர்ஸ் போட்டி. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ரயில் லேட் என்றால் அந்த வாரம் போச்சு. சனிக்கிழமை தகுதிச் சுற்று. இரண்டு மூன்று மேட்ச் ஜெயித்தால் 32 பேர் உள்ள பிரதானச் சுற்றுக்குள் நுழையலாம். தகுதிச் சுற்றுக்குக் காசு கிடையாது. பிரதானச் சுற்றின் முதல் மேட்சில் தோற்றால் 117.50 டாலர், பாயின்ட் பூஜ்யம். அதை ஜெயித்து அடுத்ததில் தோற்றால் 200 டாலர், உலக ரேங்கைக் கணக்கிடும் ஏ.டி.பி. பாயின்ட் ஒரே ஒன்று. போட்டியையே ஜெயிக்கிறவருக்கு 1,300 டாலர்.

2007 என் நல்ல வருடம். இரண்டாவது நோட்டின் பாதியை அது மட்டுமே பிடித்திருக்கிறது. 22 போட்டிகள். 9-இல் தகுதிச் சுற்றோடு திரும்பினேன். 7-இல் பிரதானச் சுற்று முதல் மேட்ச் தோல்வி. 5-இல் ஒரு மேட்ச் ஜெயித்தேன். தாய்லாந்தில் ஒரு தடவை கால் இறுதி. ஒற்றையரில் மொத்தம் சுமார் 2,100 டாலர். டாலர் அப்போது 41 ரூபாய் வாக்கில் இருந்தது, ஆக 86,000 ரூபாய் சொச்சம், வரி பிடிப்பதற்கு முன். அந்த வருடச் செலவு 4,10,000. என் வாழ்க்கையின் உயர்ந்த ரேங்க் வந்தது அந்த வருடத்தில்தான். அம்மா தெருவுக்கே லட்டு கொடுத்தார்.

இது என் ஒருவனின் கதை என்று நினைக்க வேண்டாம். சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் 2013-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துச் செய்த ஆய்வில், பயிற்சியாளர் செலவைச் சேர்க்காமலே, வரவும் செலவும் சமமாகும் இடம் ஆண்களில் 336-ஆவது ரேங்க், பெண்களில் 253-ஆவது ரேங்க் என்று வந்தது. உலகத்தில் 337-ஆவதாக இருக்கும் ஆண் கையிலிருந்து போட்டுத்தான் ஆடுகிறார் என்று பொருள். பிறகு 2017-இல் அடிப்படிப் போட்டியின் மொத்தப் பரிசு 15,000 டாலர் ஆனது. விமான டிக்கெட்டும் ரூம் வாடகையும் அதைவிட வேகமாக ஏறிவிட்டன என்பது என் அபிப்பிராயம்.

எட்டு வருடத்துக்கும் நைனா வரி வரியாக எழுதினார். ஒரு பக்கத்திலாவது கூட்டல் போடவில்லை. கிரேன் டிரைவர், டன் கணக்கை மனதிலேயே போடுகிறவர், இதை மட்டும் ஏன் விட்டார் என்று எனக்குப் புரியவில்லை. நானே மூன்று ராத்திரி உட்கார்ந்து கூட்டினேன். செலவு 21,36,000. பரிசு, கிளப் லீக் மேட்ச் காசு, பெரிய ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சிக்குப் பந்து போட்டது எல்லாம் சேர்த்து வரவு 7,82,000. மிச்சம் 13,54,000 ரூபாய் அவருடைய பி.எஃப். கடனிலிருந்தும், சொசைட்டி லோனிலிருந்தும், அம்மாவின் வளையலிலிருந்தும் வந்தது. அம்மாவிடம் கேட்டேன். “கூட்டினா நிறுத்தணும்னு தோணிடும்ல கண்ணு. அதான் கூட்டல” என்றார்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, வருடம் முடிந்தால் கூட்டுங்கள் என்பதுதான். தோற்றுத் திரும்பிய ராத்திரியோ ஜெயித்த ராத்திரியோ வேண்டாம். மார்ச் 31 என்று ஒரு தேதி வையுங்கள். இன்னும் எத்தனை வருடம், எத்தனை ரூபாய் வரை, அதற்குள் எந்த ரேங்க் என்று தொடங்குவதற்கு முன்பே எழுதி, பிள்ளையையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். என் வீட்டில் யாரும் யாரிடமும் நிறுத்து என்று சொல்லவில்லை. பாசம்தான் காரணம். நான் நைனாவுக்காக ஆடிக்கொண்டிருந்தேன், அவர் எனக்காகக் கடன் வாங்கிக்கொண்டிருந்தார்.

செலவைக் குறைக்க நாங்கள் செய்தவற்றில் உருப்படியானவை சில. இரட்டையருக்கு எப்போதும் ஜோடி ஏற்பாடு செய்துகொண்டுதான் போவேன். ஒற்றையரில் சனிக்கிழமையே தோற்றாலும் புதன் வரை ஒரு மேட்ச் இருக்கும், ரூம் வாடகை பங்கு போகும், ஆட்டக்காரர்களோடு பழக்கம் வரும். ரயிலுக்கு அம்மா கட்டித் தரும் புளிசாதமும் கருவாட்டுத் தொக்கும் இரண்டு நாள் தாங்கும் (தொக்கை ஏ.சி. பெட்டியில் பிரிக்காதீர்கள்). ஒரே மண்டலத்தில் அடுத்தடுத்து மூன்று வாரம் போட்டி இருந்தால் மட்டுமே வெளிநாடு. ஒற்றை வாரத்துக்காக விமானம் ஏறியது இரண்டு தடவை, இரண்டுமே இடது பக்கத்தில் மட்டும் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட என்னைக் காப்பாற்றியது கட். போட்டி நடக்கும் இடத்தில் ஒரு ராக்கெட்டுக்குக் கட் போட அப்போதே பத்து டாலர் வரை கேட்பார்கள். வாரத்துக்கு நாலு. 2005-இல், எடையைத் தொங்கவிட்டு நரம்பை இறுக்கும் பழைய டிராப் வெயிட் மெஷின் ஒன்றை வாங்கி, மாமாவின் சிநேகிதர் ஒருவரிடம் மூர் மார்க்கெட் பக்கம் போய்க் கற்றுக்கொண்டேன். என் ராக்கெட்டுக்கு நானே போட்டேன். பிறகு ரூமில் இருந்தவர்களுக்கு 150 ரூபாய்க்குப் போட்டேன். மேட்சில் தோற்ற அன்று ராத்திரி ஆறு ராக்கெட் முடித்துக் கொடுத்து, அடுத்த ஊருக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறேன். நோட்டில் நைனா அதற்குத் தனி வரி போட்டிருக்கிறார்: “கட் வரவு.” கோர்ட்டுக்குள் இருக்கும்போதே கோர்ட்டைச் சுற்றியுள்ள ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். கட் போடுவது, நடுவர் பயிற்சி, பிசியோ, கோச்சிங் படிப்பு, ஏதாவது ஒன்று.

கடைக்காரனாக ஒன்று சொல்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, டி.வி.யில் பார்க்கும் ஆட்டக்காரர் போடுகிறார் என்று பாலியஸ்டர் கட்டை 56 பவுண்டில் இறுக்கச் சொல்லாதீர்கள். அது கல் மாதிரி, முழங்கையும் மணிக்கட்டும் வாங்கிக்கொள்ளும். சிந்தெடிக் கட் (நைலான்), 50 பவுண்டுக்குள் போதும். பாலியஸ்டர் அறுகாமலே துள்ளல் இழந்து செத்துப்போகும். அறுந்தால்தான் மாற்றுவேன் என்று ஆறு மாதம் வைத்திருக்கும் பிள்ளைகள்தான் என்னிடம் கை வலி என்று வருகிறார்கள்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம். 2008 ஜனவரியில் நுங்கம்பாக்கத்தில் நடாலும் மோயாவும் ஆடிய அரையிறுதியை கேலரியில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று செட்டும் டை-பிரேக், ஏறக்குறைய நாலு மணி நேரம். நடால் ஜெயித்தார். மறுநாள் ஃபைனலில் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றுப்போனார். உலகத்தின் இரண்டாம் நிலை ஆட்டக்காரர், கூடவே தனி ஆட்கள், அதுவும் நமக்குக் குளிர்காலமான ஜனவரி. அப்படியும் உடம்பு எழுந்து வரவில்லை. மே மாதம் பதினோரு மணிக்கு மூன்று செட் ஆடும் நம் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். மேட்சுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் வெளியே போயிருக்கிறது. தொப்பியில் வெள்ளையாக உப்புப் படியும் பிள்ளைக்குத் தண்ணீர் மட்டும் போதாது. விலை உயர்ந்த பானம் தேவையில்லை. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து. எனக்கு மோரும் உப்பும்.

இதை எழுதுவதா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். 2009-இல் வெளியூர் லாட்ஜ் ஒன்றில் இருந்தபோது ஒரு போன் வந்தது. முன்பின் தெரியாத குரல், தமிழ் இல்லை. நாளை முதல் செட்டை விட்டுவிட்டு மேட்சை ஜெயித்துக்கொள், 2,000 டாலர் என்றது. அது என் ஒரு வருடப் பரிசுப் பணம். வைத்துவிட்டேன். ராத்திரி தூங்கவில்லை. காலையில் மேட்ச் சூப்பர்வைசரிடம் சொன்னேன். அப்படி யாராவது கேட்டதை மறைத்தாலே, செட்டை விடாவிட்டாலும், அது குற்றம் என்று பிறகுதான் தெரிந்தது. உங்கள் பிள்ளைக்குப் பதினாறு வயதிலேயே இதைச் சொல்லி வையுங்கள். காசில்லாத ஆட்டக்காரனைத் தேடித்தான் இந்த போன் வரும்.

எனக்கு இன்னும் ஆறாதது இரண்டாவது நோட்டில் ஒரு வரி. 2006. “ரயில்வே ட்ரயல்ஸ். போகலை.” அவ்வளவுதான் எழுதியிருக்கிறார். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் வாய்ப்பு. ரயில்வேயில் அந்த ஒதுக்கீட்டுக்கு வயது 18 முதல் 25 வரை. எனக்கு அப்போது 22. வேலைக்குப் போனால் ஆட்டம் போய்விடும், ஐந்நூறுக்குள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். வேலையில் இருந்துகொண்டே லீவில் போய் ஆடிய ஆட்கள் என்னைச் சுற்றி இருந்தார்கள், அவர்களைக் கேட்கக்கூட இல்லை. 25 தாண்டிய பிறகு போய் நின்றேன். கதவு மூடியிருந்தது. எந்த அறிவிப்பில் எந்த விளையாட்டு வரும் என்பது மாறும், ஆகவே பதினெட்டு வயதிலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள். தமிழ்நாடு அரசு வேலையிலும் இப்போது 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. சர்டிபிகேட்டுகளை வரிசையாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். என்னுடையதில் பாதி 2005 வெள்ளத்தில் ஊறிப்போனது.

இன்னொரு வழி அமெரிக்கக் கல்லூரி. சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே 2007, 2008 இரண்டு வருடமும் கல்லூரி ஒற்றையர் சாம்பியன். பிறகுதான் முழுநேரத் தொழில்முறைக்கு வந்தார், 2009 ஜனவரியில் சென்னை ஓப்பன் ஃபைனல் ஆடினார். கையில் பட்டமும் இருந்தது, ஆட்டமும் இருந்தது. எல்லாருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கிடைக்காது. எங்கள் காலத்தில் கல்லூரிப் போட்டிகளின் முதல் பிரிவில் ஆண்கள் அணி ஒன்றுக்கு மொத்தமே 4.5 ஸ்காலர்ஷிப், பெண்கள் அணிக்கு 8. பரிசுப் பணம் வாங்குவதற்கும், பள்ளி முடித்து எவ்வளவு காலத்துக்குள் சேர வேண்டும் என்பதற்கும் விதிகள் உண்டு, அவை மாறிக்கொண்டும் இருக்கும். முதல் பரிசுச் செக்கைத் தொடுவதற்கு முன்பே சேர நினைக்கும் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதினெட்டு வயதில் நான் தொட்டுவிட்டேன்.

2010 நவம்பரில் தகுதிச் சுற்றில் ஒரு பதினாறு வயதுப் பையனிடம் தோற்றேன். அவன் நல்ல பையன், கை கொடுத்துவிட்டு, “அண்ணா, உங்க ராக்கெட்டுக்கு யாரு கட் போட்டது?” என்று கேட்டான். அவனுடையதை வாங்கிப் போட்டுக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். சென்ட்ரலில் நைனா வந்து நின்றார், எப்போதும் போல பையில் ஒன்றை வாங்கிக்கொண்டார். அவர் வண்டியில் பேசின் பிரிட்ஜ் தாண்டும்போது, “நைனா, போதும்” என்றேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. கொஞ்ச தூரம் போய், “அத்தோ சாப்டலாமா?” என்றார். அத்தோ என்றால் பர்மா நூடுல்ஸ். பீச் ஸ்டேஷன் எதிரே நின்று சாப்பிட்டோம். மூன்றாவது நோட்டின் கடைசி வரி அந்தச் சாப்பாடுதான்: “அத்தோ 2.” விலை எழுதவில்லை.

அதற்குப் பிறகு ஆறு மாதம் ராக்கெட்டைத் தொடவில்லை. விட்ட பிறகு வரும் அந்த மாதங்கள் கடினம். காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடும், போக இடம் இருக்காது. மாமாதான் வந்து, ரோலர் இழுக்க ஆள் வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார். கோர்ட்டில் தண்ணீர் அடித்த வாசனை வந்ததும் நான் நன்றாக அழுதேன். அவர் பார்க்காதது மாதிரி கோடு போட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரமே சின்னப் பிள்ளைகள் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். சிவப்புப் பந்தில்தான். அது சாதாரணப் பந்தைவிட முக்கால் பங்கு மெதுவாக வரும், பிள்ளை பந்தைத் துரத்தாமல் நின்று அனுப்பக் கற்கும்.

இப்போது என்னிடம் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஆடுகிறாள். அவள் அம்மா எம்.சி. ரோடு கடைகளுக்கு ரெடிமேட் தைக்கிறார். ஜனவரியில் தாய்லாந்தில் மூன்று வாரம் போட்டி. போன வாரம் அந்த அம்மா புது நீள நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தார். இடது பக்கம் செலவு, வலது பக்கம் வரவு என்று கோடு போட்டுக் கொடுத்தேன். ஓரத்தில் இன்னொரு கட்டம் போட்டு ‘வலி’ என்று எழுதினேன்.

“இத யாரு எழுதறது சார், நானா அவளா?”

“ரெண்டு பேரும் தனித்தனியா எழுதுங்கம்மா. ஞாயித்துக்கிழமை ரெண்டையும் வச்சுப் பாக்கலாம்.”

முதல் வரியை அங்கேயே எழுதினார். பாஸ்போர்ட், 1,500.